நவமணி இழுத்த மூச்சு

இந்த விவரத்தை எனக்குச் சொன்னவர் தஸ்தகீர் பாய். கேட்ட நாளிலிருந்து நான் இதை நம்பவில்லை, நம்பாமல் விட்டுவிடவும் முடியவில்லை. ஒரு விஷயத்தை நம்பிவிட்டால் அதை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நம்பாதவனுக்குத்தான் அது தினமும் வந்து எதிரில் உட்காருகிறது. பாய் சினிமா பாட்டுகளுக்குப் பக்கத் தாளம் வாசித்தவர். ஷேக்கர், சலங்கை, தாம்பூரின், குதிரை ஓட வேண்டுமென்றால் இரண்டு கொட்டாங்கச்சி. இல்லாத குதிரையை ஓடவிட்டே ஆயுசு முழுக்கக் குடும்பம் நடத்திய ஒருவர் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று பல வருஷங்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு இந்த மாதிரிக் கேள்விகள் முட்டிவலியோடு சேர்ந்தே வருகின்றன.

வடபழனியில், ஒரு ரெக்கார்டிங் தியேட்டரின் பின்சுவரை ஒட்டிய சந்தில், மவுத்தார்கன் வாசிக்கும் நவமணி குடியிருந்தார். ஹீரோ ஊட்டிக்குப் போனால், ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், காலேஜ் சுற்றுலா பஸ் மலை ஏறினால், காதலி போன பிறகு கடற்கரையில் தனியாக நடந்தால் நவமணிக்கு வேலை வந்தது. அந்தக் காலத்து ஹீரோக்கள் இந்த நாலு காரியத்தைத் தவிர வேறெதையும் அதிகம் செய்யாததால் அவருக்கு வேலை வராத நாளே இல்லை. காலையில் ஒரு தியேட்டர், மத்தியானம் இன்னொன்று, நடுவில் யாராவது வாசலில் சைக்கிளோடு நின்று "ஒரே ஒரு பிட்டுண்ணே" என்று கெஞ்சிக் கூட்டிப்போகும் மூன்றாவது. எத்தனை பாட்டுக்கு வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. திரையில் ஹீரோ வேகவைத்த சோளக்கதிரைக் கடிப்பதுபோல மவுத்தார்கனைக் கடித்துக்கொண்டிருப்பார். படத்தின் தொடக்கத்தில் "வாத்தியக் குழுவினர்" என்று ஒரு வரி வரும். அந்த வரி வரும்போது ஜனங்கள் இருட்டில் சீட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதெல்லாம் எல்லா வாத்தியக்காரர்களும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் தப்பினால் டேக் போச்சு, எல்லாரும் முதலிலிருந்து. நவமணிக்கு இருந்த ஒரே கர்வம், தன்னால் ஒரு டேக்கும் போனதில்லை என்பது.

சந்தின் முனையில் இஸ்திரி வண்டி வைத்திருந்த மரகதம்தான் அதை முதலில் கவனித்தாள். வண்டிக் கம்பில் அவளுடைய டிரான்சிஸ்டர் தொங்கும், அதற்கு நேர்கீழே கரிப்பெட்டி. ஒரு பாட்டில் நவமணியின் பிட் வந்தபோது பெட்டிக்குள் கரி தானாகக் கனன்றது. பிட் முடிந்ததும் மங்கியது.

"இந்தப் பாட்டு ஊதுதுடி" என்றாள், சேலை வாங்க வந்த பெண்ணிடம்.

"பாட்டு ஊதாம வேற என்னக்கா பண்ணும்?"

"பேசாம இங்க வந்து மூஞ்சியக் காட்டு."

அவள் முகத்தைக் காட்டினாள். முடி பறந்தது. "நல்லாருக்குக்கா" என்று சொல்லிவிட்டுச் சேலையை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள். சந்து அந்த அதிசயத்தை வரவேற்றது அவ்வளவுதான்.

அதன் பிறகு எங்கெல்லாம் நவமணி வாசித்த பாட்டு ஒலித்ததோ அங்கெல்லாம் ஸ்பீக்கரிலிருந்து அவருடைய மூச்சு வந்தது, அதை மதுரையும் கும்பகோணமும் ஆம்பூரும் தத்தம் வசதிப்படி எடுத்துக்கொண்டன. பெண்கள் தலைக்குக் குளித்துவிட்டு நேயர் விருப்பத்துக்கு எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள், டீக்கடைக்காரர்கள் ஆற்றுகிற வேலையைப் பாட்டிடம் விட்டார்கள், முடிவெட்டும் கடைக்காரர்கள் வெட்டிய முடி கண்ணில் விழுகிறது என்று ஊட்டிப் பாட்டு வந்தால் மட்டும் ரேடியோவைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்கள். ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் கற்பூரம் இரண்டு முறை அணைந்ததும் பூசாரி மைக் செட்காரரைக் கூப்பிட்டு, "தம்பி, அம்மன் பாட்டே போடு, அதுல மவுத்தார்கன் இருக்காது" என்று நிதானமாகச் சொன்னார். தேனிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ், நவமணி வாசித்த பாட்டு இரண்டு உள்ள படம் வந்தால் போஸ்டரில் "குளிர்சாதன வசதி உண்டு" என்று ஒட்டி, பெஞ்சு டிக்கெட் விலையை ஏற்றியது. ஜனங்கள் முணுமுணுத்தார்களே தவிர, வசதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டிலும் ரேடியோ மேல் ஒரு பூத்துணி கிடந்தது, சில பாட்டுகளுக்கு அதன் ஓரம் ஆடியது எனக்கு ஞாபகமிருக்கிறது. பக்கத்தில் ஜன்னலும் இருந்தது என்பதும் ஞாபகமிருக்கிறது.

மவுத்தார்கன் ஊதுகிற வாத்தியம் மட்டுமல்ல. ஒரே ஓட்டையில் ஊதினால் ஒரு ஸ்வரம், உள்ளே இழுத்தால் வேறொரு ஸ்வரம். நவமணி இழுத்த ஸ்வரம் வந்தபோதெல்லாம் ரேடியோக்களும் உள்ளே இழுத்தன. ரிப்பேருக்கு வந்த பெட்டிகளைத் திறந்த மெக்கானிக்குகள் மல்லிகை இதழ், சேமியா, கோலமாவு, ஒரு பால்பல் என்று கண்டெடுத்துத் தட்டிவிட்டு வால்வை மாற்றினார்கள். வாசனைகள் மட்டும் பெட்டியில் தங்காமல் நேராக வடபழனிக்கு, நவமணியின் நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தன. சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்குத் தெற்க பூரா கருவாடு" என்பார். அவர் மனைவி சலோமிக்குக் கருவாட்டில் ஆட்சேபம் இல்லை. சீயக்காய் என்று அவர் சொன்ன அன்றைக்குத்தான் வந்தது.

"எவ வீட்டு சீயக்கா இது?"

"எனக்கெப்படித் தெரியும் சலோமி. எவளாவது ரேடியோ முன்னாடி தலை காயவெச்சிருப்பா."

"எந்த ஊரு?"

"திருச்சிப் பக்கம்."

"ஊரச் சொல்ற அளவுக்கு மோப்பம் வந்துருச்சா?"

தஸ்தகீர் பாய் பக்கத்து வீடு. சுவருக்கு அந்தப் பக்கம் இதைக் கேட்டு, தான் சிரித்ததில் ஷேக்கர் உள்ளங்கையிலிருந்து நழுவி உடைந்தது என்றார். இந்த உடைந்த ஷேக்கரை மட்டும் நான் முழுதாக நம்புகிறேன்.

கேசட் வந்தது. கேசட் வந்த பிறகு நவமணிக்கு இளைப்பும் வந்தது. டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கல்யாணத்துக் குழாய் ஸ்பீக்கரில் ஒரே நேரத்தில் நூறு இடத்தில் அவர் ஊதிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நெஞ்சிலிருந்து போக வேண்டியிருந்தது. நம் ஹீரோக்கள் பெரும்பாலும் சந்தோஷமானவர்கள் என்பதால் மெட்டுகளும் அப்படியே அமைந்து, ஊதல் அதிகம், இழுப்பு குறைவு. ஆடியிலும் மார்கழியிலும் நன்றாக இருந்தார். தை பிறந்தால் ரெக்கார்டிங் தியேட்டரின் நாலு படி ஏற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்தார்.

"சிகரெட்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"கிடையாதுங்க."

"எப்ப அதிகமா இழுக்குது?"

"வளர்பிறை முகூர்த்தத்துல."

டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார்.

ஓடாத படத்தின் பாட்டை யாரும் போடுவதில்லை, அதற்கு மூச்சும் செலவாவதில்லை என்பதைச் சந்து சீக்கிரமே புரிந்துகொண்டது. அதிலிருந்து நவமணி வாசித்த படம் வெளியாகும் வெள்ளிக்கிழமைகளில் சந்து முழுவதும் அது ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று அவரவர் தெய்வத்திடம் வேண்டிக்கொண்டது. தஸ்தகீர் பாய் மேட்னி பார்த்துவிட்டு வருவார்.

"எப்படி?" என்பாள் சலோமி.

"இடைவேளைக்குப் பின்னாடி நானும் வாட்ச்மேனும்தான் அண்ணி."

"ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு அவள் கேசரி கிண்டப் போவாள். தயாரிப்பாளர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தன் படத்துக்கு எதிராக வடபழனியில் சதி நடப்பதாகப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். அது உண்மைதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு பெரிய இசையமைப்பாளர் நவமணியைக் கூப்பிட்டு, படம் தொடங்கும்போது பாடகர் இல்லாமல், கோரஸ் இல்லாமல், மற்ற வாத்தியங்கள் பின்னணியில் நிற்க, மவுத்தார்கன் மட்டுமே முழு மெட்டையும் வாசிக்கப்போகிறது என்றும், அது கேசட்டிலும் முதலாவதாக வரும் என்றும், நவமணி என்ற பெயர் திரையில் தனி கார்டாக வரும் என்றும் சொன்னார். படத்தின் ஹீரோ யார் என்றுதான் சலோமி முதலில் கேட்டாள். அந்த ஹீரோவுக்குப் படம் ஊற்றிக்கொண்டதே கிடையாது.

"வேணாங்க. இருக்கிற மூச்சுக்கு இது தாங்காது."

"ஒரே தடவை சலோமி. என் பேர நான் திரையில பாக்கணும்."

"பேரு திரையில இருக்கும். ஆளு ஜி.எச்.ல இருப்பீங்க."

"ஓடலைன்னா?"

"ஓடக்கூடாதுன்னு நானும் எத்தனை படத்துக்கு முழங்கால் போடுறது? ஆண்டவருக்கே சலிச்சிருக்கும்."

நவமணி மவுத்தார்கன்களை வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாசிப்பதென்று முடிவெடுத்துவிட்டார் என்பது துடைத்த விதத்திலேயே தெரிந்தது.

சலோமி சுவரைச் சுற்றிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனாள், கையில் பன்னோடு. மூச்சைச் செலவழிக்காமல் அந்த மெட்டை வாசிக்க வழி உண்டா என்று கேட்டாள். பாய் பன்னை டீயில் முக்கியபடி பதில் சொன்னார்: ஒவ்வொரு சுதிக்கும் ஒரு மவுத்தார்கன், ஆனால் ஒரு மெட்டை அதற்குரியதை விட்டுவிட்டு வேறு சுதி மவுத்தார்கனில் வாசித்தால், ஊதவேண்டிய இடமெல்லாம் இழுக்கவேண்டிய இடமாகிவிடும். இந்த மெட்டை அப்படி இழுத்தே வாசிக்கத் தோதான ஒன்று அண்ணன் பெட்டியிலேயே இருக்கிறது. கஷ்டம்தான், ஆனால் அண்ணனால் முடியும்.

"அப்போ கேசட் போடுற இடத்துலயெல்லாம் இவருக்கு மூச்சு உள்ள வரும்."

"வரும் அண்ணி. நீங்களே சொல்லிப் பாருங்க."

அவள் சொல்லிப் பார்த்தாள். நவமணிக்குக் கோபம் வந்தது. "ஊரு மூச்ச நான் இழுக்கவா? எங்கயாவது சளி புடிச்ச குழந்தை ரேடியோ பக்கத்துல தூங்கிட்டிருக்கும்" என்றார். ஆயுசு பூராவும் கொடுத்தே பழகியவருக்கு வாங்குவதென்றால் கை நீளாது. அது கருணையா, ஒருவகைத் திமிரா என்று நான் யோசித்ததுண்டு. சலோமிக்கு யோசிக்க நேரமில்லை. மறுநாள் ரெக்கார்டிங்.

ஹாலில் நவமணியின் பெட்டி எப்போதும் வலது பக்க நாற்காலியில் திறந்திருக்கும். எந்தச் சுதி எந்தக் குழியில் என்பது மாறாது. கண் நோட்டேஷனிலும் கண்டக்டரிலும் இருக்கும், கை தானாகப் போய் எடுத்துக்கொண்டு வரும். ஒத்திகை முடிந்தது. எல்லாரும் டீக்குப் போனார்கள். சலோமி ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்தாள், காவலாளி வழிவிட்டார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே டீ வரிசையில் நின்ற பாய், அவள் நாற்காலி பக்கம் குனிந்ததைப் பார்த்தார், பிறகு சமோசாவைப் பார்த்தார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்டக்டர் எண்ணினார். நவமணியின் கை போய் எடுத்துக்கொண்டு வந்தது. உதட்டில் பட்டதும், பித்தளையின் ருசியிலேயே, அது வேறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கையைத் தூக்கியிருந்தால் போதும், டேக் நின்றிருக்கும். நாற்பது பேர் அவரைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் ஷேக்கரோடு உட்கார்ந்திருந்த பாய்க்கு அந்த ஒரு நொடியில் அவருடைய கழுத்து நரம்பு தெரிந்தது. கை எழவில்லை. நவமணி உதட்டை இரண்டு ஓட்டை தள்ளி வைத்து, சட்ஜத்தை இழுத்தார்.

காந்தாரத்தை இழுத்தார், பஞ்சமத்தை இழுத்தார். வயலின்காரர்களின் நோட்டேஷன் தாள்கள் ஸ்டாண்டிலிருந்து எழுந்து அவர் பக்கம் சாய்ந்தன. கண்டக்டரின் டை அவரை நோக்கி நீண்டது. மெட்டு முடிந்தபோது ஹாலில் எல்லாரும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த சவுண்ட் இன்ஜினியர் கண்ணைத் துடைத்தபடி "ஓகே" என்றார், இசையமைப்பாளர் எழுந்து வந்து, "இந்த ஏக்கம் ஒத்திகையில இல்லையே நவமணி, எங்கருந்து எடுத்தீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் போன பிறகு நவமணி கையிலிருந்த மவுத்தார்கனைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"யாரு?"

"கஞ்சி வந்துச்சுண்ணே" என்றார் பாய்.

வீட்டுக்குப் போய், "மாத்தி வெச்சியா?" என்று கேட்டார்.

"வெச்சேன். மூச்சு விடணும்ல மனுஷன்" என்றாள் சலோமி, கீரை ஆய்ந்தபடி.

அவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். படம் வந்தது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அந்த மெட்டைக் கேட்டவர்கள் கேட்ட இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டார்கள். பஸ்ஸில் விட்டார்கள், பாங்கு வரிசையில் விட்டார்கள், மாவரைத்தபடி விட்டார்கள். தங்களுக்குப் பழைய காதல் ஏதோ இருந்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டார்கள், அப்படி ஒன்றும் இல்லாதவர்கள்கூட. நவமணி தனியாகத் தியேட்டருக்குப் போனார். அவருடைய பெயர் திரை முழுக்க எழுந்தது, தியேட்டர் முழுக்கப் பெருமூச்சு எழுந்தது, அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, திருடன் மாதிரி வெளியே வந்து, வடபழனி வரைக்கும் நிற்காமல் நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் இளைக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

அவர் ரேடியோ நிலையத்துக்குப் போய் அந்த மெட்டைப் போடவேண்டாம் என்று மன்றாடினார். அங்கே அவரைப் பாராட்டி டீ கொடுத்து அனுப்பினார்கள். டவுன் பஸ் கண்டக்டர்களிடம் சொன்னார். கேசட் கடைக்காரரிடம் சொன்னார், அவர் இதை விளம்பர உத்தி என்று நினைத்து இன்னும் சத்தமாகப் போட்டார். விஷயம் சந்துக்குள் வந்தது. யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை, பாயும் அந்த இடத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.

மரகதம்தான் அவரை வழியில் நிறுத்தினாள். "என்னா வாத்தியாரே, ஊரெல்லாம் போயி மூச்சு விடாதீங்கன்னு சொல்றியாமே."

"அது உங்க மூச்சும்மா. எனக்கெதுக்கு."

"இத்தன வருஷம் எங்கரிய யாரு ஊதுனது? எம்பொண்ணு தலையக் காய வெச்சது யாரு? ஊரு பூரா மொய் வெச்சுட்டு, திருப்பி வெக்கிறப்ப வாசல்ல நின்னு வேணாங்கிற. அப்போ எங்கள என்னா பிச்சக்காரங்கன்னு நெனச்சியா?"

மொய் என்ற சொல் சந்திலிருந்து ஊருக்குப் போனது, ஊரிலிருந்து ஊர்களுக்குப் போனது. அதன் பிறகு கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து, வெற்றிலை போட்டு, சொந்தங்கள் கிளம்புகிற நேரத்தில் மைக் செட்காரர் தானாகவே அந்த மெட்டைப் போட்டார், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்களும் நின்று, குழாய் ஸ்பீக்கர் பக்கம் திரும்பி, ஒரு பெருமூச்சை விட்டுவிட்டுப் போனார்கள். குழந்தைகளை மட்டும் தள்ளித் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சண்டையில் இருந்த பங்காளிகள்கூட, பணமொய் வைக்காவிட்டாலும் இதை வைத்தார்கள், செலவில்லை என்பதால்.

ஒரு நாள் நவமணி மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் மூடியைச் சரிசெய்துவிட்டு, இறங்கி வந்து, "கஞ்சி இருக்கா?" என்று சலோமியிடம் கேட்டார். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர் பேசிய முதல் பேச்சு அது. இருந்தது.

அவர் நீண்ட காலம் வாழ்ந்தார். எண்பதைத் தாண்டியும் சைக்கிள் மிதித்தார். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழவில்லை. மறுவருஷம் சலோமியும் போனாள். நவமணி போன அன்றைக்கே அவருடைய ஊட்டிப் பாட்டுகளிலும் ரயில் பாட்டுகளிலும் காற்று நின்றுவிட்டது. டூரிங் டாக்கீஸ்காரர் ஏற்கெனவே கடையைக் கட்டியிருந்தார், மரகதத்தின் மகன் கரண்ட் இஸ்திரிக்கு மாறியிருந்தான், ஆகவே யாரும் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. இப்போது அந்தப் பாட்டுகள் வெறும் பாட்டுகள்.

அந்த ஒரு மெட்டு மட்டும் அப்படியில்லை. போன மாதம் ஒரு கல்யாணத்தில் போட்டார்கள். போடுவது ஏன் என்று மைக் செட்காரருக்குத் தெரியவில்லை, எல்லா இடத்திலும் போடுகிறார்கள், போடுகிறேன் என்றார். மண்டபத்தில் எல்லாரும் நின்று மூச்சு விட்டார்கள். ஸ்பீக்கருக்கு எதிரில் கிடந்த ஒரு சரிகைத் தாள் தரையோடு நகர்ந்து போய் அதில் ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் ஏசி இருந்தது என்பதையும் நான் குறித்துக்கொண்டேன். ஆனால் என் நெஞ்சிலிருந்தும் ஒன்று கிளம்பிப் போனது, அது நான் விட்டதல்ல, வாங்கப்பட்டது. அந்த வித்தியாசம் ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குத் தெரியும்.

அங்கிருந்து நேராகத் தஸ்தகீர் பாய் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எண்பத்தெட்டு வயது, மூன்றாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். கீழே கேட்டருகே தண்ணீர் கேனோடு நின்றிருந்தார். நான் வாங்கக் கையை நீட்டினேன். "நீ வா தம்பி" என்று கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மருமகளைப் பற்றியும் மெட்ரோ ரயிலைப் பற்றியும் பேசிக்கொண்டே மூன்று மாடியும் ஏறினார், ஓரிடத்திலும் நிற்கவில்லை, ஒரு வாக்கியமும் நடுவில் அறுபடவில்லை. நான் இரண்டாவது மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போய்ச் சேர்ந்தபோது அவர் கேனை இறக்கிவைத்துவிட்டு, ரேடியோவுக்கு எதிரிலிருந்த நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் பேச்சு வரும் வரைக்கும் காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"பாய், நவமணி அண்ணன் போயி இத்தனை வருஷம் ஆச்சு. நாங்க விடுற மூச்சு இப்ப யாருக்குப் போகுது?"

பாய் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.